கூப்பிட்டவங்கதான் வைக்கணும்

நவம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா, மாமா நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேட்டுவிட்டேன். இனி கோபமாக எழுதப் போகிறேன்.

என்னை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. நான் உங்கள் சின்ன அண்ணனின் மகள். அம்மா இறந்து, அப்பாவும் கப்பல் வேலைக்குப் போன பிறகு என்னை வளர்த்தது பாட்டிதான். அவள் என்னைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவாள். எதற்கெடுத்தாலும் பயந்து ஒளிந்துகொள்வேனாம்.

போன மாதம் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் என் துணிப்பெட்டியோடு பெரியப்பா நின்றார். "பாட்டி எங்க?" என்றேன். "அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயாச்சு. நீ என்கூட வா" என்றார். மத்தியானமே நீங்கள் வண்டி வைத்துக் கூட்டிப் போய்விட்டீர்களாம். நாலரை மணிக்கு நான் வந்துவிடுவேன், அத்தை. நாலரை மணி வரை உங்களால் பொறுக்க முடியாதா? காலையில் எனக்குச் சடை பின்னிவிட்ட கை, சாயங்காலம் இல்லை. போய்ட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

இந்த வீட்டில் உங்கள் பேச்சையே எடுக்கக் கூடாது. நீங்கள் உங்கள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பெரியப்பாவுக்குத் தங்கையே இல்லையாம். கூடத்தில் போன் இருக்கிறது. அதன் டயலில் ஒரு சின்னப் பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில். எனக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிப்பார். அதனால் பதிலை உறையின் பின்னால் எழுதியிருக்கும் விலாசத்துக்கு அனுப்புங்கள். அது என் வகுப்புத் தோழி நெட்டையின் வீடு. அவள் அம்மா எதையும் கேட்க மாட்டார்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து வைத்து எழுதுகிறேன். குழாயைச் சொட்ட விட்டிருக்கிறேன், பேனா சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று. பேனா சத்தம் போடாது என்று எனக்கும் தெரியும்.

பாட்டிக்கு என்ன உடம்பு? உண்மையைச் சொல்லுங்கள்.

சுண்டெலி


நவம்பர் 24

என் சுண்டெலிக்கு,

நானும் மாமாவும் நலம். உன் கோபமும் நலமாக வந்து சேர்ந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா திட்டுறா. நான் வளர்த்த பிள்ள" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கவலைப்படும்படி ஒன்றுமில்லை. கொஞ்சம் இருமல், கொஞ்சம் மூச்சிரைப்பு, அவ்வளவுதான். மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரு திரை மட்டும். கடைக்கு வருகிறவர்கள் சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கத் திணறினால், அம்மா கட்டிலில் படுத்தபடியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். பலகை அவளுக்கு மனப்பாடம். "அத்தே, இப்படியே போனா நான் ஊருக்கெல்லாம் தப்பான கண்ணாடிதான் மாட்டி விடணும்" என்று மாமா கெஞ்சுகிறார். "பாவம் மாப்பிள்ளை, அந்த மனுஷன் தெரியாம முழிக்கிறாரு" என்கிறாள்.

நாலரை மணி வரை காத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறாய். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நீ ராத்திரி போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அத்தை


டிசம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

எழுத்துப் பலகைக் கதையை நெட்டைக்குச் சொன்னேன். கணக்கு வகுப்பில் இரண்டு பேரும் சிரித்து, இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

இங்கே எதைக் கேட்டாலும் பெரியப்பாவிடம் ஒரே பதில்தான். செருப்பு அறுந்துவிட்டது என்றேன். "பரீட்சை முடியட்டும்." பல் வலிக்கிறது என்றேன். "பரீட்சை முடியட்டும்." நேற்றுச் சாப்பிடும்போது தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு, "பாட்டிகிட்ட போன்ல ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டேன். பெரியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பெரியப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பரீட்சை முடியட்டும்." பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்தால் பல்லும் செருப்பும் பாட்டியும் ஒன்றாகச் சரியாகிவிடுவார்கள் போலிருக்கிறது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருடம் ஆப்பரேட்டராக இருந்தவள் பாட்டி. அவளோடு பேச எனக்குப் பூட்டுப் போட்ட போன்! அவளுடைய சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். "கூப்பிட்டவங்கதான் முதல்ல வைக்கணும். நாம முந்திக்கிட்டு வச்சா அவங்க சொல்ல வந்த கடைசி வார்த்தை அந்தரத்துல நிக்கும்." தவறான எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால்கூட, அவர்கள் வைக்கிறவரை பாட்டி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாலே பொங்கினாலும் நிற்பாள்.

அப்படிப்பட்டவள் என்னிடம் சொல்லாமல் எப்படிப் போனாள்? அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள்.

சுண்டெலி


ஜனவரி 5

அன்புள்ள சுண்டெலிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். நாங்கள் நலம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். குளிர் காலம் என்பதால் கொஞ்சம் சோர்வு. அதிகம் பேசுவதில்லை. நீ பரீட்சைக்கு நன்றாகப் படி. பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை


ஜனவரி 12

அத்தை,

நலமெல்லாம் இன்றைக்குக் கேட்க மாட்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது. பெரியப்பா எடுத்தார். நான் பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பேசியது மட்டும் கேட்டது.

"ம்... எந்த டாக்டர்?... ரெண்டு நுரையீரலுமா?... அவ படிக்கிறா. இல்ல. குடுக்க மாட்டேன். அழுது என்ன ஆகப்போகுது? போனை வை."

நீங்கள் வைப்பதற்கு முன்னால் அவரே வைத்துவிட்டார். பிறகு பெரியம்மாவிடம், "ரெண்டு மாசம் தாண்டாதாம். இவகிட்ட மூச்சு விட்டுடாத. மார்க் போயிடும்" என்றார்.

கொஞ்சம் சோர்வு என்று எழுதினீர்களே. குளிர் காலம் என்று எழுதினீர்களே. பெரியப்பா கதவை மூடிக்கொண்டு மறைக்கிறார். நீங்கள் அன்புடன் என்று கையெழுத்துப் போட்டு மறைக்கிறீர்கள். எனக்கு உங்களைத்தான் அதிகம் பிடிக்கவில்லை. அவராவது நல்லவர் போல் நடிக்கவில்லை.

என் பாட்டி சாகப் போகிறாள். அது தெரியக் கூடாத ஒரே ஆள் நானா? எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். நான் கிராம்பு வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டுமாம்!

கிராம்பு எரிகிறது. அதுவும் வேலை செய்யவில்லை.


ஜனவரி 20

சுண்டெலிக்கு,

மறைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் எழுதியது பொய்தான். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மா சொன்னாள், எழுதினேன். என் கை எழுதியது, அதனால் என்னைத் திட்டுவதும் சரிதான். இனி பொய் எழுத மாட்டேன்.

கீழே இருப்பது அம்மா சொன்னது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மத்தியானம் தொடங்கி விளக்குப் போடும் வரை எழுதினேன்.

"ஏய் சுண்டெலி. உங்க அத்தைய ஏன் போட்டு வறுக்கிற? நாலரைக்கு முன்னாடியே கெளம்பணும்னு அடம் பிடிச்சது நான்தான். நீ வந்து என் கையப் பிடிச்சிருந்தா நான் அந்த வண்டில ஏறியிருப்பனா? உன்னோட அங்கேயே கெடந்து, நீ பள்ளிக்கூடத்தையும் விட்டுட்டு எனக்கு வேலை பாத்திருப்ப. பெரியவன் வீட்டுக்கும் போக முடியாது. அவன் வீட்டுல நான் இருந்தா என் பொண்ணு வாசப்படி மிதிக்க முடியாது. அவனுக்கு அதுல கோவம். நான் அவன வேண்டாம்னு சொல்லிட்டேன்னு நெனக்கிறான். பாவம், சின்னதுலேர்ந்தே அப்படித்தான், சோறு கொஞ்சம் கொறச்சுப் போட்டா தட்ட நகத்தி வச்சுருவான். கோவம் வந்தா என் மேல கோவப்படு. நான் பயந்துட்டேன்டி. அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவ உன் குரலக் கேட்டுட்டாப் போதும்."

இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அத்தை


ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். பாட்டி சொன்னதை மூன்று தடவை படித்தேன். பாட்டிக்குக்கூடப் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று நேரே பெரியப்பாவிடம் போனேன். "பாட்டியப் பாக்கணும். ஒரு நாள். போயிட்டு உடனே வந்துடறேன்" என்றேன்.

"யார் சொன்னா உனக்கு?"

"போன்ல நீங்க பேசினது கேட்டுச்சு."

செய்தித்தாளை மடித்தார். மறுபடி மடித்தார். கைக்குட்டை அளவுக்கு மடித்துவிட்டார். "நான் போகச் சொல்லல. அவங்களா போனாங்க. என்னை வேண்டாம்னு போனாங்க" என்றார்.

"நான் என்ன பண்ணேன்?" என்றேன்.

"பரீட்சை முடியட்டும்!" என்று கத்தினார். மேசையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. பெரியம்மா வந்து தண்ணீரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். சுண்டெலி என்ற பெயர் சரிதான்.

ஆனால் அத்தை, டயலுக்குத்தான் பூட்டு இருக்கிறது. ரிசீவர் உட்காரும் பொத்தானுக்குப் பூட்டு இல்லை.

பாட்டி வீட்டில் ஒரு செத்துப்போன போன் கிடந்தது, நினைவிருக்கிறதா? மழை நாட்களில் அதை வைத்துத்தான் விளையாடுவோம். டயலைத் தொடக் கூடாது. பொத்தானைச் சட்டென்று மூன்று தட்டுத் தட்டினால் மூன்று. பத்துத் தட்டினால் பூஜ்யம். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். டயல் சுற்றும்போதும் உள்ளே இதேதான் நடக்கிறதாம். "யார்கிட்டயும் சொல்லிடாத, என் பென்ஷன் போயிடும்" என்பாள்.

வெளியூர்ப் பேச்சுக்கு ஆப்பரேட்டரைக் கூப்பிட மூன்று எண்தான். அதைத் தட்டிவிட்டால் மிச்சத்தை அவரிடம் கேட்டுக்கொள்வேன். என்றைக்கு என்று சொல்ல முடியாது. நடு ராத்திரியில் போன் அடித்தால் எடுங்கள்.

மாட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

சுண்டெலி


பிப்ரவரி 6

என் சுண்டெலிக்கு,

நாங்கள் நலம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியாது. உட்கார வைத்தால்தான் மூச்சு வருகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கிறோம்.

உன் யோசனையைக் கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாமா கடையிலிருக்கும் போனுக்கு வயரை நீட்டி, திரைக்கு அடியில் இழுத்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார். அம்மா அந்த ஒட்டுப் போட்ட இடத்தையே பார்த்தாள். "மாப்பிள்ளை, இது ஜாயின்ட்டா? இதுல எறும்புகூடப் பேசாது" என்றாள். பாவம், அவர் பிரித்து மறுபடி முறுக்கினார். அப்போதும் அவளுக்குத் திருப்தியில்லை. மூன்றாவது தடவை, "ம், பரவால்ல" என்றாள்.

"தட்டுறது சீரா இருக்கணும். மேசைல பழகச் சொல்லு" என்கிறாள். நான் சொல்வது வேறு: மிகவும் பயமாக இருந்தால் விட்டுவிடு. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் அவள் தூங்குவதில்லை. கண் போன் மேலேயே இருக்கிறது. அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மறைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அத்தை


பிப்ரவரி 15

அத்தை,

நான் கூப்பிட்ட அன்றைக்கு உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

பெரியப்பா குறட்டை விடும் வரை காத்திருந்தேன். கூடத்தில் விளக்குப் போடவில்லை. முதல் தடவை தட்டியதில் எண் தவறி, லைனில் யாரோ ஒரு தாத்தா வந்தார். "யாரு?" என்றார். ஆப்பரேட்டரா என்று கேட்டேன். திட்டிவிட்டு வைத்தார். இரண்டாவது தடவை ஆப்பரேட்டர் கிடைத்தார்.

உங்கள் உறையில் அச்சடித்திருந்த கடை எண்ணைச் சொன்னேன். "பாப்பா, வீட்ல பெரியவங்க இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்காங்க. தூங்குறாங்க."

"அப்ப காலைல பேசேன்."

"எங்க பாட்டிக்கு மூச்சு நிக்கப் போகுது. அவங்களும் உங்கள மாதிரி ஆப்பரேட்டர்தான்" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

எண்ணை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "லைன்ல இரு கண்ணு" என்றார்.

முதல் மணியிலேயே நீங்கள் எடுத்தீர்கள். பிறகு அவள். அந்தக் குரல் எவ்வளவு சின்னதாகிவிட்டது, அத்தை! "சீராத் தட்டினியா?" என்றாள். அதுதான் முதல் கேள்வி. ஒரு தாத்தாவை எழுப்பிவிட்டேன் என்றேன். அவள் சிரித்தது இருமலாகிவிட்டது. ஏன் என்னை விட்டுட்டுப் போன என்று கேட்கத்தான் இத்தனை மாதமாக வைத்திருந்தேன். கேட்கவில்லை. "பாட்டி, இப்ப சடைய நானே பின்னிக்கிறேன். கோணலா வருது" என்றேன். "வரட்டும். கோணலாவே இரு" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரின் மூச்சு மட்டும். "நீதான கூப்பிட்ட. நீ வை" என்றாள். மாட்டேன் என்றேன். "சரி, வைக்காத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவன் முழிச்சிருக்கானா? அவன்கிட்ட குடு" என்றாள்.

நான் திரும்பினேன். அவர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ரிசீவர் என் காதில் இருந்தது, அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. "பெரியப்பா, பாட்டி" என்று நீட்டப் போனேன். அதற்குள் அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ரிசீவரை வாங்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து போன் அலமாரிக்குள் போய்விட்டது.

அவர் அம்மா அவரைக் கேட்டாள். அவர் விரலை வைத்து அழுத்தினார். எனக்கு அவர் விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பாட்டி எப்படி இருக்கிறாள்?

சுண்டெலி


மார்ச் 3

என் சுண்டெலிக்கு,

உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா போன அன்றைக்கே உன் வீட்டுக்குத் தந்தி கொடுத்தேன். நீயும் வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டும் இறங்கினார்.

நீ கேட்டிருந்தாய், எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று. லைன் போனதும் நான் ரிசீவரை வாங்கப் போனேன். அம்மா தரவில்லை. உள்ளே கொர்ரென்ற வெறும் சத்தம், எனக்கே கேட்டது. அவளுக்குத் தெரியாதா அது என்னவென்று? வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டவள். "அந்தப் புள்ள இன்னும் வைக்கல" என்றாள். விடிந்து மாமா கடையைத் திறக்கும் வரை காதிலேயே வைத்திருந்தாள். பிறகு கை தானாகத் தளர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தாள் என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. உன்னைப் பொறுத்தவரை நிம்மதியாகத்தான் இருந்தாள்.

அண்ணன் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஸ்டூலில் இருந்த போன் பக்கத்தில் நின்றார். "இந்த வயர யாரு இழுத்தது?" என்று மாமாவிடம் கேட்டார். "நான்தான்" என்றார் மாமா. "ம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

அம்மா கடைசியாக அவரைக் கேட்டது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

நன்றாகப் பரீட்சை எழுது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் கை உங்கள் கை மேல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் வந்த அன்று நான் அறுந்த செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். "நாளைக்கு முதல் பரீட்சை" என்றார். பெரியம்மா முதல் தடவையாக வாய் திறந்து, "கூட்டிட்டுப் போங்களேன்" என்றார். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் பரீட்சை எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. பக்கம் நிறைந்திருந்தது.

திரும்பி வந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார். போனை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி கூடத்தில் வைத்தார். அதில் பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

முந்தாநாள் நான் படித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். வெகு நேரம் நின்றார். எனக்கு எழுத்தெல்லாம் மங்கிவிட்டது.

"அன்னைக்கு..." என்றார். "போன்ல... அம்மா என்ன சொன்னாங்க?"

சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு அந்த விரல்தான் தெரிந்தது. சாத்திய கதவு தெரிந்தது.

"பரீட்சை முடியட்டும், பெரியப்பா" என்றேன்.

இப்போது நிச்சயம் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தபோது என் ஜாமெட்ரி பெட்டி மேல் போன் பூட்டின் சாவி இருந்தது. அவர் போய்விட்டிருந்தார். சாவியை நான் இன்னும் தொடவில்லை. நான் யாரைக் கூப்பிட?

கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு சொல்வேனா என்று கேட்காதீர்கள். சொன்னால் அவர் என்ன ஆவாரோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் பூட்டி வைத்துக்கொண்டால் நான் யாரைப் போல ஆவேன் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, அத்தை. குறையவே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் சத்தம் கேட்டது. குழாயை மூடிவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். பெரியப்பா இருட்டில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார். பேசவில்லை. தட்டவில்லை. கொர்ரென்ற அந்தச் சத்தம் இங்கு வரை கேட்கிறது.

நான் குளியலறையை விட்டு வெளியே போக வேண்டும். தூக்கம் வருகிறது. அவர் வைப்பார் வைப்பார் என்று பார்க்கிறேன். வைக்கவே மாட்டேன் என்கிறார்.

உங்கள்,
சுண்டெலி